பேய்ப் படத்துக்கு நான் குத்திய ஓகே சீல்

என் மனைவியின் கம்பெனி பஸ் மாலை ஆறு நாற்பதுக்கு எங்கள் குடியிருப்பு வாசலில் வந்து நிற்கும். ஆறே காலுக்கே என் மகள் பால்கனிக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு வயது. நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலைகள் இருக்கும் ஒரகடம் பக்கமிருந்து வரும் வண்டி விளக்குகளையே பார்த்தபடி நிற்பாள். கன்டெய்னர் லாரி வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். சேரப்பணஞ்சேரியைத் தாண்டி இருக்கும் எங்கள் சாலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கன்டெய்னர் லாரிக்கு வராது. ஆகவே பாதி நேரம் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பாள்.

பஸ் வந்ததும் எண்ணுவாள். எங்கள் வாசலில் ஏழு பேர் இறங்குவார்கள். ஆறு பேர் இறங்கி முடிந்த பிறகும் அவள் கை கம்பியை விடாது. ஏழாவதாக இறங்குவதுதான் என் மனைவி. லைன் லீடர். தன் லைனில் வேலை செய்யும் பெண்களை எல்லாம் இறக்கிவிட்டு, சீட்டுகளை ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசியாக இறங்குவது அவள் பழக்கம். அப்படி இறங்கச் சொல்லி எந்தக் கம்பெனியும் சட்டம் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டது.

இதெல்லாம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஒரு மழை நாளில், திருப்பத்தில் நின்றிருந்த அந்த பஸ்ஸைப் பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி இடித்துவிட்டது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. சிலருக்குத் தையல். என் மனைவிக்கு இடது மணிக்கட்டு எலும்பு விரிசல். அவள் போன் சீட்டுக்கு அடியில் விழுந்து சேற்றில் செத்துப்போனது.

எனக்கு ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது. கூட வேலை செய்யும் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "பெரிசா ஒண்ணும் இல்லண்ணா. கட்டு போட்டுட்டு நாங்களே ஆட்டோல இட்டாந்து வுட்டுடறோம். நீங்க பாப்பாவ பாத்துக்குங்க."

நானும் பாப்பாவைப் பார்த்துக்கொண்டேன். எப்படி? நான் எங்கள் சொந்தபந்தம் முழுக்க அறிந்த ஜோக்கர். சாவு வீட்டில் என்னைக் கூடத்தில் உட்கார விடமாட்டார்கள், பந்தலிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்று பால்கனியில் நின்றிருந்த மகளிடம் நான் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "பஸ்ஸு நின்னு போச்சாம். எல்லாரும் எறங்கி தள்ளிக்கினு வராங்களாம்" என்றேன். சிரித்தாள். அரை மணி கழித்து, "உங்கம்மாவுக்கு டிரைவர் ப்ரமோஷன் குடுத்துட்டாங்களாம். கியர் எங்கன்னு தேடிக்கினு இருக்காங்களாம்" என்றேன். அதற்கும் சிரித்தாள். இப்படியே ஒன்பது மணிவரை இரண்டு மணி நேரம் கச்சேரி நடத்தினேன். ஒன்பதுக்கு ஆட்டோ வந்து நின்றது. கையில் கட்டோடு அம்மா இறங்கினாள்.

மகள் அந்தக் கட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. மாத்திரைச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டு சரியாகி மனைவி வேலைக்குத் திரும்பினாள். மகள் பால்கனிக்குப் போனாள். செப்டம்பர் முழுக்கப் போனாள், நானும் அவளைத் தேற்ற ஒரு ஜோக்கோடு பின்னால் போய் நின்றேன். இரவில் தூங்காமல் புரள்வது பக்கத்து அறையில் எங்களுக்குக் கேட்கும். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் மனைவி, டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் நசுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தீபாவளி வரிக்கும் பாக்கறேங்க. இவ இப்பிடியே நின்னுக்கினு இருந்தா, நான் பேப்பர் போட்டுடறேன்."

"ஒம்போது வருஷம் ஸ்க்ரூ முடுக்கி இப்பதான் லீடர் ஆயிருக்க."

"அதுக்கின்னா? ஸ்க்ரூவா வந்து எனக்கு அழுவப்போவுது?" என்றாள். ஆனால் அந்தப் பந்து அவள் கையில் வெடித்துவிடும்போல இருந்தது. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேரில் வேலையை நேசிப்பவள் அவள் ஒருத்திதான். நான் வெறுமனே போய் வருபவன்.

ஆக, தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் மகளின் பயம் போகவேண்டும். போகாவிட்டால் மனைவியின் வேலை போகும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்புக்குப் பேய் வந்தது.

பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஹாலோவீன் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, பூசணிக்காயில் முகம் வெட்டி வைத்து, பயப்படுவதற்கென்றே ஒரு நாள். நம் ஊரில் வருடம் முழுக்க இலவசமாகக் கிடைப்பதற்குத் தனியாக ஒரு நாள் எதற்கு என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேனுக்கு விஷயம் எட்டியபோது அவர் நேராக என்னிடம் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலத்தை விற்றுவிட்டு, யாரோ ஒருவரின் கேட்டைக் காவல் காக்கிறார்.

"இன்னா சார், பேய்க்குப் பொறந்தநாளாமே? கேக்கு வெட்டுவாங்களா?"

"பூசணிக்கா வெட்டுவாங்களாம்."

"அது தெனம் கேட்லதான தொங்கிக்கினு கீது. மூஞ்சி கூட வரைஞ்சிதான் வெச்சிருக்கோம்." கொஞ்சம் யோசித்தார். "எங்க ஊர் ஏரிக்கரை மரத்துல ஒண்ணு இருந்துச்சு சார். மரத்த வெட்டி ஃபேக்டரி கட்டிட்டாங்க. இப்ப அது எந்த ஷிப்ட்ல கீதோ."

அசோசியேஷன் செயலாளர் ஒரு பெண்மணி. திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு இங்கே ஆலையில் வேலை கிடைத்து வந்தவர்கள். பிள்ளைகளுக்கு ஹாலோவீனை ஒட்டிய சனிக்கிழமை சாயங்காலம் கீழே ஹாலில் ஒரு பேய்ப் படம் போடுவது என்று முடிவு செய்தார். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அண்ணாச்சி, நீங்க குவாலிட்டியிலதான இருக்கிய. நீங்களே பாத்து ஒண்ணு எடுங்க. பத்து வயசுப் பிள்ளை அழக்கூடாது. பதினஞ்சு வயசுப் பிள்ளை கொட்டாவி விடக்கூடாது. அம்புட்டுதான்."

அம்புட்டுதான். நான் கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டத்தைச் சோதிக்கிறவன். அதற்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு அளவு உண்டு. நடுவில் இருந்தால் ஓகே. பயத்துக்கும் அப்படி இரண்டு எல்லை இருக்கிறது என்று செயலாளர் சொன்னதும் எனக்கு வேலை பழக்கமானதாகத் தெரிந்தது. அதோடு எனக்கு ஒரு ரகசியத் திட்டமும் உதித்தது. தடுப்பூசி போடுகிற மாதிரி, மகளுக்குச் சின்ன பயத்தை ஒரு டோஸ் கொடுத்தால் பெரிய பயம் ஓடிவிடும். தீபாவளிக்குள் ஆள் தேறிவிடுவாள். மனைவி லீடராகவே இருப்பாள். எனக்கு மருத்துவம் தெரியாது என்பது அந்தத் திட்டத்தில் ஒரு சின்னக் குறை.

ஒரு வாரம் படங்களாகப் பார்த்தேன். ஒன்றில் பொம்மை தலையைத் திருப்பியது. வீட்டில் பொம்மை இருக்கிற பிள்ளைகளின் கதி என்ன? ரிஜெக்ட். ஒன்றில் கண்ணாடிக்குள் ஒரு பெண். அதைப் போட்டால் ஒரு மாதத்துக்கு எங்கள் மூன்று பிளாக்கிலும் எந்தப் பிள்ளையும் தனியாகப் பாத்ரூம் போகாது. ரிஜெக்ட். ஒன்றில் பேய் வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்தது. அது எனக்கே பிடித்திருந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கதையைச் சொன்னேன். அவள் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், இத போட்டீங்கன்னா நாங்க கீழ வர மாட்டோம். நீங்களும் வாட்ச்மேனும் பாத்துக்கலாம்" என்றாள்.

மகளிடமும் கேட்டேன். "உனக்கு எந்த மாதிரி பேய் வேணும் பாப்பா?"

"எனக்கு பேய்க்கெல்லாம் பயம் இல்லப்பா." பால்கனியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"அப்ப எதுக்குத்தான் பயம்? கணக்கு டீச்சருக்கா? உங்கம்மா வெக்கற ரசத்துக்கா?"

கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. லாரி எதுவும் வருகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. தமிழில் பேசும்படி மாற்றிய வெளிநாட்டுப் படம். கடலோரம் ஒரு சின்ன ஊர். அங்கே மூடுபனி. பனிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நடமாடுகிறது. மூன்று பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். போஸ்டரில் பனிக்கு நடுவே விளக்கு எரிகிற ஒரு படகு. பத்து வயது முதல் பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அது மாதக் கடைசி. டிஸ்பாட்ச் நெருக்கடி. ஒன்றரை மணி நேரப் படத்தை முழுதாகப் பார்க்க எனக்கு நேரம் ஏது? எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு லாட் வந்தால் எல்லாப் பீஸையும் யாரும் அளப்பதில்லை. நடுநடுவே சிலதை உருவி எடுப்போம். அவை சரியாக இருந்தால் மொத்த லாட்டும் சரி. இருபது வருடமாக இப்படித்தான் சோறு தின்கிறேன். கேன்டீனில் தயிர்சாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று படத்திலிருந்து ஒன்பது சாம்பிள் எடுத்தேன். முதலாவதில் பிள்ளைகள் ரொட்டி தின்றார்கள். இரண்டாவதில் நாய் பனியைப் பார்த்துக் குரைத்தது. ஐந்தாவதில் யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள். ஒன்பதாவதில் கரையில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரத்தம் இல்லை. பிணம் இல்லை. ஒன்பது சாம்பிளும் ஓகே. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. லாட் ஏற்கப்பட்டது' என்று எழுதிப் பச்சை டிக்கும் போட்டேன்.

இரவு மனைவி கேட்டாள். "முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"எங்க தொழில்ல பாத்தேன்னா பாத்ததுதான்."

"எங்க லைன்ல ஒவ்வொரு பீஸையும் கையில எடுத்து பாத்துதாங்க அனுப்பறோம்" என்றாள். அவள் செய்வது செல்போனுக்குள் இருக்கும் சின்னத் தகடு. நான் செய்வது ஆள் உட்கார்கிற இரும்பு. யார் எதை எப்படிச் சோதிக்கிறோம் என்று அன்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே வானம் இறங்கி வந்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஒரு புழுக்க நாற்றம். குடியிருப்பு நாய்கள் மூன்றும் பார்க்கிங்கில் கார்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டன. சனிக்கிழமையும் மனைவிக்கு வேலை உண்டு. கிளம்பும்போது மகள், "மழ வரும்போல இருக்கும்மா" என்றாள்.

"வந்தா வரட்டும். பஸ்ஸுக்குதான் மேல கூர இருக்கே."

"பின்னால?"

மனைவி செருப்பு மாட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மகள் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனாள்.

படம் ஐந்து மணிக்கு. ஆறரைக்கு முடியும். ஆறு நாற்பதுக்கு பஸ். கணக்கு அழகாக இருந்தது. ஹாலில் வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் எல்லாம் கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டி. வாசலில் வெட்டி வைத்த பூசணிக்காய்க்கு வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் குங்குமம் வைத்துவிட்டார். இருபத்தைந்து பிள்ளைகள் முகமூடியோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். என் மகள் முகமூடி போடவில்லை. சாலைப்பக்க ஜன்னலை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். கறுப்புப் பையில் நகத்தால் ஒரு ஓட்டை போட்டிருந்தாள். ஒரு கண் படத்தில். ஒரு கண் ஓட்டையில்.

முதல் நாற்பது நிமிடம் நல்லபடியாகப் போனது. நாய் குரைத்தபோது சின்னதுகள் கத்தின. பெரியதுகள் சிரித்தன. செயலாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெளியே மழை பிடித்திருந்தது.

நான்காவது சாம்பிளுக்கும் ஐந்தாவது சாம்பிளுக்கும் நடுவில் அது வந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் தினமும் படகில் அக்கரைக்குப் போகிறார்கள். அங்கே மீனை டப்பாவில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. சாயங்காலம் படகு திரும்பும். பிள்ளைகள் கரையில் நின்று காத்திருப்பார்கள். அன்றும் நிற்கிறார்கள். பனிக்குள்ளிருந்து விளக்கு தெரிகிறது. படகு மெதுவாக வந்து கரையில் முட்டி நிற்கிறது. கதவு திறக்கிறது.

யாரும் இறங்கவில்லை.

பாட்டு இல்லை, சத்தம் இல்லை. காலியான பெஞ்சுகள். ஒரு கொக்கியில் யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுப் பை மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பையையே வெகுநேரம் காட்டினார்கள்.

ஹாலில் ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்த இருபத்தைந்து பேரில் அப்பாவையோ அம்மாவையோ ஏதாவது ஒரு கம்பெனி பஸ் கொண்டுவந்து இறக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக முகமூடியைக் கழற்றின. முன்வரிசையிலிருந்து ஒரு பத்து வயது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது.

"அங்கிள், அவங்கள்லாம் ஓவர்டைம் பாக்கறாங்களா?"

செயலாளர் இருட்டில் என் பக்கம் வந்தார். "அண்ணாச்சி, இதையுமா பாத்துத்தான் எடுத்திய? நிப்பாட்டிருங்க."

"நிறுத்தினா அந்தப் படகு காலியாவே நின்னுடும். கடசில எல்லாரும் வந்துடறாங்க. அத நான் பாத்தேன்." அது மட்டும் உண்மை. ஒன்பதாவது சாம்பிள். எனக்கும் அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் கதி.

அது வரவில்லை. ஆறு மணி தாண்டியதும் கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும்தான். படகு காலியாகவே நின்றுவிட்டது.

பிள்ளைகள் எழுந்து வாசல் கொட்டகைக்குப் போனார்கள். கூப்பிட்டாலும் வரவில்லை. மழை சாலையை மூடிக்கொண்டு பெய்தது. ஆறரைக்கு ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய இரண்டு அப்பாக்களை அவர்கள் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. பாவம், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு இன்னொரு பஸ். ஆறு நாற்பது ஆனது. ஆறு ஐம்பது. ஏழு. என் மனைவியின் பஸ் வரவில்லை. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்றது. அவளோடு இறங்கும் இன்னொரு பெண்ணுக்குப் போட்டேன். அவளும் எல்லைக்கு வெளியே. வாட்ச்மேன் குடையும் டார்ச்சுமாகச் சாலைக்குப் போய் நின்றார்.

என் மகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீதிப் பிள்ளைகள் அவளைச் சுற்றி.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்துவிட்டேன். "மழல பஸ்ஸு நீச்சல் கத்துக்கினு இருக்குடா. இப்பதான் கைய கால அடிக்குதாம்" என்றேன். சின்னதுகள் இரண்டு சிரித்தன. தெம்பு வந்தது. "டிரைவர் முன்னால நின்னுக்கினு, மூச்ச புடி மூச்ச புடின்னு சொல்லிக்கினு..."

"யாருப்பா போன் பண்ணாங்க?"

மகள்தான். திரும்பி நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும் பண்ணலியே."

"பொய் சொல்லாத. நீ ஜோக் சொல்ற."

"ஜோக் சொன்னா இன்னா பாப்பா?"

"அன்னிக்கும் சொன்ன. பஸ்ஸ தள்ளிக்கினு வராங்கன்னு சொன்ன. கியரு தேடறாங்கன்னு சொன்ன. எல்லாத்துக்கும் நான் சிரிச்சேன். அம்மா அப்ப ஆஸ்பத்திரில இருந்தாங்க. உனக்குத் தெரியும்." குரல் உயரவே இல்லை. "தெனம் நான் அங்க நிக்கும்போது பின்னால வந்து நீ ஜோக் சொல்ற. ஒவ்வொரு வாட்டியும் அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைச்சுக்குவேன். பஸ்ஸு வர வரிக்கும் அப்பிடியேதான் இருக்கும்."

செயலாளர் வேறு எங்கோ பார்த்தார்.

இரண்டு மாதமாக நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, தினமும் ஆறே காலுக்கு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஜோக் அடித்திருக்கிறேன். அவள் பயந்து பயந்து ஒடுங்க, இன்னும் கொஞ்சம் சேர்த்து அடித்திருக்கிறேன். மூடுபனிக்குள் நடமாடும் சாம்பல் உருவத்தை எங்கெங்கோ தேடினேன். அது எங்கள் வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறது.

போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். "இந்தா. நீயே பாரு. யாரும் பண்ணல. நான்தான் ரெண்டு பேருக்குப் போட்டேன். ரெண்டும் போவல."

அவள் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அப்ப அம்மா எங்க?"

"தெரியல."

"நெஜமா?"

"நெஜமா தெரியல. எனக்கும் பயமாதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். போனைத் திருப்பித் தரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சரி. பாக்கலாம்" என்றாள்.

இருவரும் நின்றோம். என் ஞாபகத்தில் நான் விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. இரண்டு விளக்கு தெரிந்தது. வாட்ச்மேன் டார்ச்சை ஆட்டினார். "பஸ்ஸு மாதிரி கீது" என்று கத்தினார். கிட்டே வந்தது. கன்டெய்னர். தண்ணீரை எங்கள் மேல் வாரி அடித்துவிட்டுப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் மூடவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஏழே காலுக்கு மேல் இன்னும் இரண்டு விளக்கு. வேகமே இல்லாமல், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது.

யாரும் இறங்கவில்லை.

என் பக்கத்தில் இருபது பிள்ளைகள் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல், "முட்டி வரிக்கும் தண்ணி கீது, கொஞ்சம் முன்னால வுடுண்ணா" என்றது. பஸ் ஐந்தடி நகர்ந்தது. ஒருத்தி இறங்கினாள். சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. மூன்று. மகள் சத்தமாக எண்ணினாள். சின்னதுகளும் சேர்ந்து எண்ணின. நான்கு, ஐந்து, ஆறு.

பிறகு ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் என் கையைப் பிடித்தாள். யாருடைய கை சில்லென்று இருந்தது என்று சொல்ல முடியாது.

ஏழாவது ஆள் படியில் வந்து நின்றாள். கையில் யாரோ சீட்டில் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பை. தன்னுடையதைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"இன்னா, ஊரே நிக்குது? யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

பிள்ளைகள் அவள் கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தப் பத்து வயது, "ஆன்ட்டி, நீங்க வந்துட்டீங்க" என்று அழ ஆரம்பித்தது. அந்த அழுகைக்கு எந்தப் பேயும் காரணமில்லை, என் ஓகே சீல்தான் காரணம்.

மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி, உள் சாலையாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அங்கே டவர் இல்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி சொன்னாள். மகள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். தலையைத் துவட்டி முடித்ததும் மனைவி துண்டை மடியில் வைத்து மடித்தாள்.

"போதும்டி. தீபாவளி வரிக்கும்கூட வாணாம். திங்கக்கெழம பேப்பர் போட்டுடறேன்."

"வாணாம்மா."

"நீ இன்னிக்கு நின்ன லட்சணத்த நானே பாத்தேன்."

"நீ போம்மா வேலைக்கு." மகள் என் பக்கம் கையை நீட்டினாள். "இவரு ஜோக் சொல்லாம இருந்தா போதும்."

மனைவி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் விளக்கமெல்லாம் மகளே சொன்னாள். மனைவி முழுதும் கேட்டாள். கடைசியில் ரப்பர் பந்தை எடுத்து மெதுவாக நசுக்க ஆரம்பித்தாள். கோபமாக இருந்தால் என் மேல் எறிந்திருப்பாள். எறியவில்லை.

மறுநாள் மீதிப் படத்தை மூன்று பேரும் பார்த்தோம். நான் ஒரு நிமிடம்கூட விடாமல் பார்த்தேன். அந்தப் பெண்கள் பனியில் திசை தெரியாமல் ஒரு தீவில் ஏறி, நெருப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சாம்பல் உருவம் அவர்களுக்கு விறகு பொறுக்கிக் கொடுத்தது. பிள்ளைகளுக்காகத் திங்கள்கிழமை கரண்ட் இருக்கும்போது கடைசி இருபது நிமிடத்தை மறுபடியும் ஹாலில் போட்டோம். செயலாளர் இந்த முறை என்னை ரிமோட்டைத் தொடவிடவில்லை.

தீபாவளி வந்தது, போனது. மனைவி லைன் லீடராகவே இருக்கிறாள். மகள் இப்போது ஆறே காலுக்கு உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பஸ் தாமதமானால் மட்டும் அங்கிருந்தே கேட்பாள்.

"அப்பா, உனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியல பாப்பா."

"சரி" என்பாள். பேனா மறுபடியும் ஓடும்.

பால்கனியில் நிற்பது இப்போது நான். வாயைத் திறப்பதில்லை. விளக்குகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன், ஒன்று விடாமல். சாம்பிள் எடுப்பதில்லை.